பெயரை அடிக்காதீர்கள்! வளரிளம் பெண்கள் குழுவின் பயனை அளப்பது எப்படி?



சென்ற கூட்டமைப்புக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்ததும் வளரிளம் பெண்கள் குழுவுக்கு ஆகும் செலவு பற்றிப் பேச்சு வந்தது. கல்வராயன் மலையிலிருந்து வந்திருந்த ஒரு ஊக்குநர் எழுந்தார். "கூட்டம் நடத்துறீங்க, சுண்டல் குடுக்குறீங்க, போட்டோ எடுக்குறீங்க. எல்லாம் சரிதாங்க. இதனால நம்ம பொண்ணுங்களுக்கு என்னதான் ஆச்சுன்னு யாராச்சும் கணக்குப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நாங்கள் கணக்குப் பார்த்திருந்தோம். அதைத் தப்பாகப் பார்த்திருந்தோம். அந்தக் கதையும் அதில் கற்றுக்கொண்டதும்தான் இந்த இதழின் பாடம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். கணக்கு வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள்.

மாடு வாங்கினோம், பால் கறந்ததா?

நம் குழுவில் ஒரு சகோதரிக்குக் கறவை மாட்டுக் கடன் கொடுத்தால் தீர்மானப் புத்தகத்தில் தேதி, தொகை, கையெழுத்து எல்லாம் இருக்கும். அந்த மாடு எத்தனை லிட்டர் கறந்தது, தீவனச் செலவு போக வீட்டில் என்ன மிஞ்சியது என்பது அந்தப் பக்கத்தில் இருக்காது. ஆனால் கடன் வாங்கியவருக்கு அதுதானே கணக்கு?

வளரிளம் பெண்கள் குழு அறிக்கையும் அப்படித்தான். எத்தனை கூட்டம், எத்தனை பேர் வந்தார்கள், மாதவிடாய் சுகாதாரம் பற்றி எத்தனை வகுப்பு, தையல் பயிற்சி எத்தனை நாள். இவை எல்லாம் நாம் செய்தவை. பெண்ணுக்கு நடந்தவை அல்ல. செய்ததை எழுதத்தான் வேண்டும். பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்கு காட்டத்தான் வேண்டும். ஆனால் அதை எழுதிவிட்டு மேலே 'பயன்கள்' என்று தலைப்புப் போடுகிறோம் பாருங்கள், அங்கேதான் தவறு தொடங்குகிறது.

சரி, நடந்ததை எழுதுவோம் என்று ஒரு வருடம் நாங்கள் முடிவு செய்தோம். எல்லோருக்கும் முக்கியமாகப் பட்டது குழந்தைத் திருமணம். சட்டப்படி பெண்ணுக்கு 18 வயது, ஆணுக்கு 21 வயது ஆக வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அது, நம் உறுப்பினர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். குழுப் பெண்களில் எத்தனை பேருக்கு 18க்கு முன் திருமணம் ஆனது என்று ஒவ்வொரு கிராமத்திலும் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு கேட்டோம். ஒருவருக்கும் இல்லை என்று வந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஆண்டுக் கூட்டத்தில் மைக்கில் வாசித்தோம், கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் பின் வரிசையில் இருந்த ஒரு மூத்த உறுப்பினர், மலையிலிருந்து காலைப் பஸ் பிடித்து வந்தவர், உட்கார்ந்தபடியே கேட்டார்: "ஏம்மா, அப்ப எம் பேத்தி எந்தக் கணக்குல வர்றா?"

அன்று மாலையே பதிவேட்டைப் புரட்டினோம். முதல் வருடப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் 'நின்றுவிட்டார்' என்று ஒரு வார்த்தை. 16 வயதில், பத்தாவது பரீட்சைக்கு முன்பே, மலைக்குக் கீழே ஒரு ஊரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் அறிக்கைக்கு மட்டும் தெரியவில்லை.

யாரும் பொய் சொல்லவில்லை, சகோதரிகளே. பதிவேட்டின் முதல் பக்கத்தில் நாங்களே ஒரு விதி எழுதி வைத்திருந்தோம்: திருமணமானால் பெயரை நீக்கவும். இந்த விதி இருக்கும் வரை, ஊரில் அத்தனை பெண்களையும் 15 வயதில் கட்டிக் கொடுத்தாலும் எங்கள் குழுவில் குழந்தைத் திருமணம் 'இல்லை' என்றுதான் வரும். தவணை கட்டாதவர்கள் பெயரை எல்லாம் நீக்கிவிட்டு வங்கி மேனேஜரிடம் போய் "எங்க குழுவில் நூத்துக்கு நூறு வசூல் சார்" என்று சொன்னால் ஒப்புக்கொள்வாரா? கிரேடிங் செய்ய வருகிறவர் முதலில் பழைய நோட்டைத்தான் கேட்பார். நம் பெண்கள் விஷயத்தில் அந்தப் பழைய நோட்டை யாரும் கேட்கவில்லை. ஒரு பாட்டி கேட்டார்.

25 பெயர்கள் - ஒரு கணக்கு

கற்பனையாக ஒரு மலைக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். குழு தொடங்கிய நாளில் 25 பெண்கள் பெயர் கொடுத்தார்கள். மூன்று வருடம் கழித்து 15 பேர் வருகிறார்கள். 10 பெயர்கள் அடிக்கப்பட்டிருக்கின்றன. அந்த 10 பேரை வீடு வீடாக விசாரித்தால் 3 பேருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் ஆகியிருக்கிறது. 5 பேர் அப்பா அம்மாவோடு வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள். கேரளாவில் மிளகு பறிக்கப் போனார்கள் என்கிறார் ஒருவர், திருப்பூர் பக்கம் என்கிறார் இன்னொருவர். மீதி 2 பேர் ஊரிலேயே இருக்கிறார்கள், திருமணம் ஆகவில்லை. கூட்டம் நடக்கும் நேரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு போகவேண்டி இருக்கிறது, அவ்வளவுதான்.

வருகிற 15 பேரை மட்டும் எண்ணினால் 15க்கு 0. அருமை! 25 பேரையும் எண்ணினால்? 3 பேர் உறுதி. வெளியூர் போன 5 பேர் நிலை தெரியாது. அவர்களில் ஒருவருக்கும் ஆகவில்லை என்றால் 25க்கு 3. ஐந்து பேருக்குமே ஆகிவிட்டது என்றால் 25க்கு 8. ஆகவே நாம் சொல்லக்கூடிய உண்மை, "25 பேரில் குறைந்தது 3, அதிகம் போனால் 8" என்பதுதான்.

'தெரியாது' என்று எழுத வெட்கப்பட வேண்டாம். அந்த இடத்தைக் காலியாக விட்டால் படிக்கிறவர் அதை 'நல்லது' என்று எடுத்துக்கொள்வார். 'தெரியாது 5' என்று எழுதினால் யாராவது ஒருவர் போன் போட்டு விசாரிப்பார். கல்வராயன் மலையில் அந்த 5 பேர்தான் பெரிய விஷயம். மழை பொய்த்து மரவள்ளியும் சாமையும் கைகொடுக்காத வருடம் குடும்பமே கிளம்பிவிடுகிறது. கூட்டத்துக்கு வராத பெண்தான் அதிகம் கஷ்டப்படும் பெண்ணாக இருப்பாள், அவளைத்தான் பதிவேடு முதலில் மறக்கிறது.

பேத்தியைப் பார்க்கப் போனோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கைக்குழந்தையோடு இருந்தாள். முதலில் பேசவே இல்லை. கேஸ் போட வந்திருக்கிறோமோ என்று வீட்டில் பயந்துவிட்டார்கள். ரொம்ப நேரம் கழித்து, குழந்தைக்கு எப்போது தடுப்பூசி என்று கேட்டபோதுதான் பேச்சு வந்தது. கர்ப்பம் தெரிந்த உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்திருக்கிறாள். மாமியார் வயதைக் கூட்டிச் சொல்லச் சொல்லியிருக்கிறார். இவள் செவிலியரிடம் உண்மை வயதைச் சொல்லியிருக்கிறாள். "நீங்கதானேக்கா சொன்னீங்க, சின்ன வயசுல புள்ளைன்னா ஆபத்து, ஆசுபத்திரில மறைக்கக் கூடாதுன்னு" என்றாள். குழுவில் இருந்தபோது அவள் பெயரில் தொடங்கிய சேமிப்புக் கணக்கின் பாஸ்புக்கைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

எங்களுக்குப் பேச்சே வரவில்லை. பெயரை அடித்ததில் எங்கள் தோல்வி மட்டும் மறையவில்லை. குழுவால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பயனும் சேர்ந்தே மறைந்து போயிருந்தது. திருமணத்தை நம்மால் நிறுத்த முடியவில்லை, அது தோல்விதான்; அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் அவள் உயிரோடும் பிள்ளையோடும் இருப்பதில் ஒரு பங்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்கு உண்டு. இரண்டையும் எழுத எங்கள் பதிவேட்டில் இடம் இல்லை.

அரசு ஏன் 20 வயதுக்காரர்களிடம் கேட்கிறது?

தேசியக் குடும்ப நல ஆய்வு என்று மத்திய அரசு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு வீடாக ஆள் அனுப்பிக் கணக்கெடுக்கிறது. 2019-21ல் நடந்தது ஐந்தாவது ஆய்வு. அதன்படி தமிழ்நாட்டில் 100க்கு சுமார் 13 பெண்களுக்கு 18 வயதுக்கு முன் திருமணம் நடந்திருக்கிறது. நாடு முழுவதும் பார்த்தால் 100க்கு 23 பேர். இதற்காக அவர்கள் எடுத்துக்கொள்வது 15 வயதுப் பெண்களின் விவரத்தை அல்ல. 20 முதல் 24 வயது வரை உள்ள பெண்களில் எத்தனை பேருக்கு 18க்கு முன்பே திருமணம் ஆனது என்று பார்க்கிறார்கள்.

காரணம் எளிது. 15 வயதுப் பெண் இன்று "ஆகலை" என்று சொல்வாள். 17 வயதில் ஆகிவிடலாம். 'இன்னும் ஆகவில்லை' என்பது வேறு, '18 தாண்டியும் ஆகவில்லை' என்பது வேறு. நம் குழுவில் 13 வயதில் சேர்ந்த பெண்ணைப் பற்றி வெற்றி என்று எழுத ஐந்து வருடம் பொறுக்க வேண்டும். மார்ச் மாதம் அறிக்கை கேட்பவர்களுக்கு இது பிடிக்காது. என்ன செய்ய, பெண் பிள்ளைகள் மார்ச் மாதக் கணக்குக்கு வளர்வதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. மேற்படி ஆய்வு பழைய மாவட்டப் பிரிவின்படி எடுக்கப்பட்டது. அதனால் நம் மலைக் கிராமங்கள் அதில் பழைய விழுப்புரம் மாவட்டத்துக்குள் அடங்கிவிட்டன. திண்டிவனமும் செஞ்சியும் வெள்ளிமலையும் ஒரே எண்ணுக்குள். மலையில் என்ன நிலை என்று அந்த எண்ணிலிருந்து பிரித்து எடுக்க முடியாது. உங்கள் கிராமத்து நோட்டுப் புத்தகத்தை நாங்கள் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அது ஒரு காரணம்.

நம்மால்தான் நடந்ததா?

உங்கள் கிராமத்தில் பத்து வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது பெண்கள் அதிகம் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது குழுவால் நடந்ததா? ரோடு வந்திருக்கலாம், பஸ் வந்திருக்கலாம். உண்டு உறைவிடப் பள்ளியில் ஒரு நல்ல டீச்சர் வந்திருக்கலாம். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் என்று அறிவித்த பிறகு வீட்டில் யோசனை மாறியிருக்கலாம். இத்தனையையும் நம் கணக்கில் வரவு வைத்துக்கொள்வது நியாயமா?

பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் இதை முறையாகச் சோதித்தார்கள். விஜயபுரா, பாகல்கோட் மாவட்டங்களில் 'சமதா' என்ற திட்டம். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்புப் பெண்கள் பத்தாவது வரை பள்ளியில் நிற்க வேண்டும், சீக்கிரம் திருமணம் ஆகக் கூடாது என்பது நோக்கம். 2014 முதல் 2017 வரை மொத்தம் 80 கிராமங்களை எடுத்து, பாதியில் திட்டத்தை நடத்தினார்கள், பாதியில் நடத்தவில்லை. பெண்கள் குழு, பெற்றோரிடம் பேசுதல், பையன்களோடு வேலை, பள்ளிகளோடு வேலை என்று நன்றாகவே உழைத்தார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிலை. திட்டம் இல்லாத கிராமங்களிலும் எதிர்பார்த்ததைவிட நிறையப் பெண்கள் பள்ளியில் நின்றிருந்தார்கள். காலமே மாறிக்கொண்டிருந்தது.

திட்டம் நடந்த கிராமங்களை மட்டும் பார்த்திருந்தால் எல்லோரும் மாலை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒப்பிட்டதால் உண்மை தெரிந்தது. நல்லதாக வராத முடிவையும் வெளியிட்டார்களே, அந்த நேர்மைக்கு எங்கள் வணக்கம்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. கிராமத்துப் பெண்களுக்குக் கடன் கொடுத்துப் பெயர் பெற்ற வங்கதேசத்தின் பிராக் நிறுவனம், ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் 2008ல் வளரிளம் பெண்கள் சங்கங்கள் தொடங்கியது. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி 100 ஊர்களில் சங்கம், 50 ஊர்களில் இல்லை. பெண்களுக்கு வாழ்க்கைத் திறன் பயிற்சியும் தொழில் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள். நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது, சங்கம் இருந்த ஊர்களில் சின்ன வயதில் கர்ப்பமாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சொந்தமாகச் சம்பாதிக்கும் பெண்கள் அதிகமாகியிருந்தார்கள். சங்கத்துக்கு வந்தவர்களை மட்டும் அல்ல, அந்த ஊர்களில் அதே வயதில் இருந்த, சங்கத்துக்கு வராத பெண்களையும் சேர்த்து எண்ணி வந்த முடிவு இது.

அதே நிறுவனம் அதே திட்டத்தைப் பக்கத்து நாடான தான்சானியாவில் நடத்தியது. அங்கே அப்படிப்பட்ட மாற்றம் வரவில்லை. கூடுவதற்கு ஒழுங்கான இடம், பொருட்கள், நடத்துபவர்களுக்கு வேண்டிய உதவி இவை சரியாக அமையவில்லை என்று பின்னால் எழுதினார்கள். நல்ல விதை என்று கடையில் சொன்னால் போதாது, நம் மண்ணில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இதைப் படித்ததும் எங்களுக்கு அங்கன்வாடிச் சாவிதான் நினைவுக்கு வந்தது. எத்தனை கூட்டம் சாவி கிடைக்காமல் மரத்தடியில் நடந்து, மழை வந்து கலைந்து போயிருக்கிறது! அது எந்த அறிக்கையிலும் வந்ததில்லை, 'கூட்டம் நடந்தது' என்றுதான் இருக்கும். இன்னொரு விஷயம்: மலைப் பெண்களில் நிறையப் பேர் உண்டு உறைவிடப் பள்ளி விடுதியில் இருப்பவர்கள். வார நாளில் கூட்டம் வைத்தால் பள்ளியை விட்டு நின்றவர்கள் மட்டும் வருவார்கள். லீவு நாளில் வைத்தால் வேறு முகங்கள். எந்தக் கிழமை கூட்டம் என்பதைப் பொறுத்தே பயன் கூடவோ குறையவோ செய்யும்.

நம்மால் 100 ஊர், 50 ஊர் என்று சீட்டுக் குலுக்க முடியாது. ஆனால் அடுத்த வருடம்தான் குழு தொடங்கப் போகிற ஒரு கிராமத்தில், அதே வயதுப் பெண்களின் பட்டியலை இந்த வருடமே எடுத்து வைக்கலாம். அதே கேள்விகளை அங்கேயும் கேட்கலாம். கேள்வி மட்டும் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் வருவது தப்பு. அடுத்த வருடம் கட்டாயம் குழு தொடங்குவோம் என்று உறுதி கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

எதைக் கேட்பது?

"பயிற்சி பயனுள்ளதா இருந்துச்சா?" இந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். எல்லாப் பெண்ணும் "ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா" என்றுதான் சொல்லும். சுண்டல் கொடுத்தவரிடம் வேறு எப்படிச் சொல்வது?

தெரிந்துகொண்டதைக் கேட்பதும் போதாது. திருமண வயது என்ன என்றால் 18 என்பாள். குழந்தைகள் உதவி எண் என்ன என்றால் 1098 என்பாள். எங்கள் பேத்திக்கும் இரண்டும் தெரியும்! ஜாம்பியா என்ற நாட்டில் வாரந்தோறும் பெண்கள் சங்கம், சேமிப்புக் கணக்கு, மருத்துவத்துக்கு இலவசச் சீட்டு என்று எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். பெண்களின் அறிவு கூடியது, சேமிப்பும் கூடியது. ஆனால் படிப்பிலும் சிறு வயதுத் திருமணத்திலும் பின்னால் பெரிய மாற்றம் வரவில்லை. முடிவெடுப்பது அவள் மட்டும் இல்லையே. அப்பா, மாமா, ஊர்ப் பெரியவர், வீட்டுக் கடன் எல்லாம் சேர்ந்துதானே முடிவெடுக்கிறது.

அதனால் நடந்ததைக் கேட்போம். போன மாதத்தில் நீ தனியாகவோ தோழியோடோ பேங்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ போனாயா? உன் கையில் உன் பணம் என்று ஏதாவது இருக்கிறதா, அதை யாரைக் கேட்டுச் செலவு செய்வாய்? ராத்திரியில் ஒரு ஆபத்து என்றால் சொந்த வீட்டைத் தவிர யார் வீட்டுக் கதவைத் தட்டுவாய்? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சில பெண்கள் ரொம்ப நேரம் யோசிப்பார்கள். ஒரு பெயர்கூட வராது. குழு தொடங்கும்போது பெயர் வராத பெண்ணுக்கு இரண்டு வருடம் கழித்து இரண்டு பெயர் வந்தால், எங்களைக் கேட்டால் அது பெரிய பயன்.

உடம்பையும் அளக்கலாம். ஐந்தாவது ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தச்சோகை உள்ளவர்கள். 12 வயதுக்கு மேற்பட்ட, கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராம் இருக்க வேண்டும். வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். படிக்காத பெண்களுக்கு அங்கன்வாடியில். கொடுத்த மாத்திரையை எண்ணாமல், விழுங்கியதா என்று கேளுங்கள். வயிறு புரட்டுகிறது என்று ஓலைச் சந்தில் செருகி வைப்பதை நாங்களே பார்த்திருக்கிறோம். கிராம செவிலியரிடம் சொல்லி வருடம் ஒருமுறை, அதே மாதத்தில், அதே முறையில் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தடவை அறுவடைக்குப் பின்னும் இன்னொரு தடவை பஞ்ச காலத்திலும் பார்த்தால் வித்தியாசம் குழுவால் வந்ததா சாப்பாட்டால் வந்ததா என்று தெரியாது.

யார் கேட்பது?

குழுவை நடத்தும் அக்காவே கேட்கக் கூடாது. பக்கத்துக் கிராமத்து ஊக்குநர் இங்கே வரட்டும், இங்கே உள்ளவர் அங்கே போகட்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்கும் கேள்விக்கு அம்மாதான் பதில் சொல்வார். கேட்பதற்கு முன் பெற்றோரிடமும் பெண்ணிடமும் சம்மதம் வாங்க வேண்டும். "பதில் சொல்ல இஷ்டம் இல்லன்னா சொல்ல வேணாம், அதுக்காகக் குழுவுல இருந்து எடுக்க மாட்டோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சில கேள்விகளை நேராகக் கேட்க முடியாது. வீட்டில் திருமணப் பேச்சு நடக்கிறதா, யாராவது அடிக்கிறார்களா என்பது போன்றவை. இதற்கு ஓட்டுப்பெட்டி முறை நல்லது. மறைப்புக்குப் பின்னால் மூடிய பானை ஒன்று வைத்து, மூடியில் ஒரு ஓட்டை போடுங்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு புளியங்கொட்டையும் ஒரு கூழாங்கல்லும் கொடுங்கள். 'ஆமாம்' என்றால் கொட்டை, 'இல்லை' என்றால் கல். ஒருவர் ஒருவராகப் போய்ப் போட்டுவிட்டு, மீந்ததை மறைப்புக்குள்ளேயே ஒரு மூடிய கூடையில் போட்டுவிட்டு வரட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் போடலாம். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. கிராமத்துக்கு மொத்தக் கணக்கு மட்டும் கிடைக்கும், அது போதும். வீட்டில் கல்யாணப் பேச்சு என்று 7 கொட்டை விழுந்தால், அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம் எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடுமே!

ஒரு எச்சரிக்கை. கேட்கும்போது ஒரு பெண் அழுதுகொண்டே ஏதாவது சொல்லலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி கடமை. ஆகவே "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "உனக்கு ஆபத்துன்னா உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். 1098 எண்ணைக் கையில் வைத்திருங்கள். உதவிக்கு வழி செய்யாமல் கேள்வியை மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

பெயரோடு உள்ள நோட்டைக் கூட்டமைப்பு அலமாரியில் பூட்டி வையுங்கள். டீக்கடை மேசையில் அது கிடக்கக் கூடாது. இதில் எங்களுக்கே ஒரு சங்கடம் உண்டு. சிறு வயதில் திருமணமான பெண்ணின் பெயரை எழுதி வைத்தால் குடும்பம் பயந்து அவளை ஆஸ்பத்திரிக்கே அனுப்பாமல் விட்டுவிடுமோ என்ற பயம். எழுதாமல் விட்டால் அவள் கணக்கிலேயே இல்லை. நடக்கப் போகும் திருமணத்தை நிறுத்த 1098. நடந்து முடிந்த பெண்ணுக்கோ முதலில் செவிலியரும் நம் குழுவும் வேண்டும். அவள் பெயரைக் கிராமத்துப் பதிவேட்டில் எண்ணாக மட்டும் எழுதி, பெயர்ப் பட்டியலைத் தனியே பூட்டி வைப்பது என்று இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறோம். இதைவிட நல்ல வழி உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குச் செய்ய வேண்டியது

குழுவின் முதல் வருடப் பதிவேட்டைத் தேடி எடுங்கள். கரையான் அரித்திருந்தாலும் கொண்டு வாருங்கள். முதல் நாள் பெயர் கொடுத்த அத்தனை பேரையும் புது நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக இப்போது வயது என்ன, படிக்கிறாளா, வேலையா, திருமணமா, எந்த வயதில், எந்த ஊர் என்று எழுத இடம் விடுங்கள். தெரியாததற்கு 'தெரியாது' என்று எழுதுங்கள். அந்தப் பெண்ணின் அம்மாவோ பாட்டியோ சித்தியோ நம் குழுவிலேயே இருப்பார், அவரைக் கேளுங்கள். திருமணமானால் பெயரை நீக்கவும் என்ற பழைய விதியைத் தீர்மானம் போட்டு எடுத்துவிட்டோம். உங்கள் தீர்மானப் புத்தகத்திலும் பதியுங்கள்.

அந்தப் பேத்தி இப்போது மாதம் ஒருமுறை மலைக்குத் தாய் வீடு வரும்போது குழுவுக்கு வருகிறாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் சிவப்புக் கோட்டோடு அப்படியே இருக்கிறது. கோட்டுக்கு மேலே மறுபடியும் அவள் பெயரை அவளே எழுதியிருக்கிறாள்.